ஐந்தும் பூஜ்யமும்

கதை எழுதுகிறவனிடம் வாசகர்கள் சாதாரணமாக எதிர்பார்ப்பது ஒன்று உண்டு. முடிவு கடைசிவரையில் தெரியக்கூடாது. கதாநாயகி யாரைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறாள் என்பது மூன்றாவது அத்தியாயத்திலேயே புலப்பட்டுவிட்டால், புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டு, “சப்பென்று இருக்கிறது” என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிடுவார்கள். நியாயமான கோபந்தான். ஆனால் இதே வாசகர்கள் கால்பந்துப் பந்தயம் பார்க்கப் போனால் அவர்களுடைய ரஸனை தலைகீழாக மாறிவிடுகிறது. தங்கள் கட்சி முதல் ஐந்து நிமிஷத்தில் ஒரு கோல் போடவேண்டும், பாதி ஆட்டத்துக்குள் மூன்று போடவேண்டும், எதிர்க்கட்சி தலையெடுக்கவே கூடாது என்று பிரார்த்திக்கிறார்கள். பிரார்த்தனை பலித்து, போட்டி என்று சொல்வதற்கே ஒன்றும் இல்லாமல் போய்விட்டால், அதைத்தான் தங்கள் வாழ்நாளில் கண்ட மகத்தான ஆட்டம் என்று பேரன் பேத்திகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இது ஏன் என்று எனக்கு வெகு நாளாக ஒரு சந்தேகம். இதைத் தீர்த்துக்கொள்ள ஒரே ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். 1975-ஆம் வருஷம் செப்டம்பர் 30-ஆம் தேதி, கல்கத்தா. ஐ.எஃப்.ஏ. ஷீல்டின் இறுதிப் பந்தயம். ஈஸ்ட் பெங்கால் 5, மோகன் பகான் 0. இந்த இரு கோஷ்டிகளும் நூறு வருஷங்களுக்கு மேலாக மோதிக்கொண்டிருக்கின்றன. இதைவிடப் பெரிய வித்தியாசத்தில் எந்தக் கட்சியும் ஜெயித்ததில்லை. நகரத்தின் பெயர் கொல்கத்தா என்று மாறிவிட்டது. ஐம்பது வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் அந்த ஊரில் “ஐந்துக்குப் பூஜ்யம்” என்று சொன்னால் எந்த வருஷம், யார் யாரை என்று ஒருவரும் விசாரிப்பதில்லை.

நான் விமரிசனம் செய்ய எடுத்துக்கொண்டது அந்த ஆட்டத்தை அல்ல. அதற்கு வேண்டிய ஞானம் எனக்குக் கிடையாது. அது கதையாகச் சொல்லப்படுகிற விதத்தைப் பற்றித்தான் எனக்குச் சில அபிப்பிராயங்கள் இருக்கின்றன. கதையைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது என் தொழில்.

முதலில் பாத்திரங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். மோகன் பகான் 1889-இல் வடக்குக் கல்கத்தாவில் பிறந்த சங்கம். 1911-ஆம் வருஷம் ஜூலை 29-ஆம் தேதி, கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவின் வெள்ளைக்காரக் கோஷ்டியை 2-1 என்று தோற்கடித்து இதே ஷீல்டை வாங்கியது. ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லாம் வெறுங்காலோடு ஆடினார்கள். அன்றைக்கு அது வங்காளிகள் எல்லோருடைய வெற்றியாகவும் இருந்தது. கங்கைக்கு மேற்கே, கிழக்கே என்ற பேதம் அதில் இல்லை.

பேதம் பிறகு வந்தது. 1920-ஆம் வருஷம் ஜூலை மாதக் கடைசியில் மோகன் பகானோடு ஜோடாபகான் கோஷ்டி ஆடவேண்டியிருந்தது. ஜோடாபகானில் சைலேஷ் போஸ் என்ற கிழக்கு வங்காள ஆட்டக்காரரை வெளியே உட்கார்த்திவிட்டார்கள். சங்கத்தின் உபதலைவர் சுரேஷ் சந்திர சௌதுரிக்குக் கோபம் வந்துவிட்டது. விலகினார். சில நாட்களுக்குள், ஆகஸ்ட் 1-ஆம் தேதி, ஈஸ்ட் பெங்கால் சங்கம் தோன்றியது. ஒருவனை ஆட்டத்தில் சேர்க்கவில்லை என்பதுதான் பிறவிக் காரணம். பங்காளிச் சண்டைகளும் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. பந்தியில் ஒருவனுக்கு இலை போடவில்லை என்று.

1947-க்குப் பிறகு இந்தச் சண்டையின் அர்த்தமே வேறாகிவிட்டது. கிழக்கு வங்காளம் வேறு தேசமாயிற்று. வீடு, நிலம், குளம், தோப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு லட்சக்கணக்கானவர்கள் வந்து சேர்ந்தார்கள். சியால்தா ரயில் நிலையத்தின் பிளாட்பாரங்களிலே குடும்பம் நடத்தினார்கள். நகரத்தின் தெற்குப் பக்கத்தில் ஜாதவ்பூர், பிஜய்கட் என்று குடியிருப்புகளை எழுப்பினார்கள். மேற்கு வங்காளத்தின் பழங்குடிகளுக்குக் ‘கோட்டி’ என்று பெயர். வந்து சேர்ந்தவர்களுக்கு ‘பாங்கால்’ என்று பெயர். பாங்காலின் பேச்சைக் கேட்டுக் கோட்டி சிரித்தார். கோட்டியின் சமையலில் சர்க்கரை போடுவதைப் பார்த்துப் பாங்கால் சிரித்தார். சிரிப்பில் விஷம் கொஞ்சந்தான். ஆனால் தினமும் கொஞ்சம். சொந்த ஊரின் பெயர் தேசப் படத்திலிருந்து போய்விட்டது. அந்தப் பெயர் மிச்சமிருந்த ஒரே இடம், மைதானத்தில் சிவப்பும் பொன்னிறமும் கலந்த ஒரு சட்டை. 1971 யுத்தத்தின்போது ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். அது நடந்து நாலு வருஷங்களில் வந்தது நம்முடைய ஆட்டம்.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பார்க்கலாம். ஐந்தாவது நிமிஷத்தில் சுரஜித் சென்குப்தா முதல் கோலைப் போட்டார். இருபத்துநாலாவது நிமிஷத்தில் சியாம் தாப்பா. முப்பத்தெட்டாவது நிமிஷத்தில் ரஞ்சித் முகர்ஜி. இடைவேளைக்குப் பிறகு, ஐம்பத்தொன்றாவது நிமிஷத்தில் மறுபடியும் சியாம் தாப்பா. எண்பத்துநாலில் சுபங்கர் சன்யால். ஈஸ்ட் பெங்காலுக்குப் பயிற்சி கொடுத்தவர் பி.கே. பானர்ஜி. மோகன் பகானின் கோலைக் காத்தவர் பாஸ்கர் கங்கூலி என்ற இளைஞர். நான்கு கோல்கள் விழுந்தபின் அவரை வெளியே அழைத்துவிட்டு வேறொருவரை நிறுத்தினார்கள்.

கதை என்ற முறையில் இது மோசமான கதை. தயக்கமில்லாமல் சொல்வேன். சந்தேகத்துக்கு இடமில்லை, திருப்பம் இல்லை, ஒரு கட்சிக்குச் சோதனையே இல்லை. நாலாவது கோலுக்கும் ஐந்தாவதற்கும் நடுவில் அரை மணிக்கு மேல் ஓடியிருக்கிறது. அந்த அரை மணியில் மைதானத்தில் தீர்மானமாக வேண்டிய விஷயம் ஒன்றுமே இல்லை. அத்தனை ஆயிரம் பேர் பின் என்னதான் செய்துகொண்டிருந்தார்கள்? எனக்குத் தோன்றுகிற பதில் இது: அவர்கள் ஆட்டம் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள், கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இதை வீட்டில் எப்படிச் சொல்வது, நாளைக்கு ஆபீஸில் அந்தக் கோட்டி குமாஸ்தாவின் மேஜைக்கு முன்னால் எப்படி நிற்பது என்று ஒவ்வொருவரும் மனத்துக்குள் ஒத்திகை பார்த்திருப்பார்கள். 1-0 என்று ஜெயித்தால் அதற்கு விளக்கம் சொல்லவேண்டும். அதிர்ஷ்டம் என்பார்கள், நடுவர் என்பார்கள், மழை என்பார்கள். 5-0 என்பதற்கு விளக்கம் தேவையில்லை. வாய் திறக்காமல் கையை விரித்துக் காட்டினால் போதும்.

ஆகவே ரசிகர்கள் விரும்புவது ஆட்டத்தை அல்ல, தீர்ப்பை. வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்த வழக்கில் மேல் கோர்ட்டு சொன்ன தீர்ப்பு அது. சொத்து வழக்கில் ஜெயித்தவன், “வாதம் சுவாரசியமாக இல்லையே” என்று வருத்தப்படுவானா? ஊரை இழந்து வந்தவர்களுக்கு எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காத தீர்ப்பு, ஒரு சாயங்காலம் மைதானத்தில் கிடைத்தது. அதை அவர்கள் ஐம்பது வருஷமாகப் பத்திரமாக மடித்து வைத்திருப்பதில் ஆச்சரியமில்லை. மேலும் அது நெருக்கடி நிலை அமலில் இருந்த வருஷம். பத்திரிகைகளில் எழுதுவதற்குத் தணிக்கை இருந்தது. மைதானத்தில் கத்துவதற்குத் தணிக்கை இல்லை.

இந்த அளவுக்கு ரசிகர்களின் சந்தோஷம் எனக்குப் புரிகிறது. அதை நான் மதிக்கிறேன். ஜெயித்த நாளில் ஈஸ்ட் பெங்கால்காரர்கள் இலிஷ் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நம் பக்கத்தில் உள்ளம் என்று சொல்வது அதைத்தான். மோகன் பகான் ஜெயித்தால் இறால். அன்றைக்கு மீன்கடையில் விலையைப் பார்த்தே யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்துகொள்ளலாம் என்பார்கள். கேட்கவே நன்றாக இருக்கிறது. வெற்றியைச் சமைத்துக் குழந்தைகளுக்குப் பரிமாறுகிறவர்களிடம் யாருக்கு என்ன கோபம்?

இனிமேல்தான் என்னுடைய ஆட்சேபம் ஆரம்பிக்கிறது. அதை நானாகக் கண்டுபிடித்தேன் என்று பெருமை அடித்துக்கொள்ள முடியாது. ஒரு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கற்றுக்கொண்டது.

சில வருஷங்களுக்கு முன் கல்கத்தாவில் ஒரு நண்பர் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அவருடைய பூர்வீகம் பரிசால் ஜில்லா. அவர் மனைவியோ வடக்குக் கல்கத்தாவின் அசல் கோட்டி. இப்படிப்பட்ட கல்யாணங்கள் அங்கே சகஜமாகிவிட்டன. பேச்சு எங்கெங்கோ போய், கடைசியில் 1975-க்கு வந்து சேர்ந்தது. நண்பருக்கு அப்போது பதினாலு வயது. பக்கத்து வீட்டு ரேடியோவில் வர்ணனை கேட்டாராம். ஒவ்வொரு கோலுக்கும் ஒரு விரலாக மடக்கிக்கொண்டே சொன்னார். தகப்பனார் கடன் வாங்கி மீன் வாங்கி வந்ததைச் சொன்னார். “எங்கள் ஊரைப் பற்றி வாயே திறக்காத மனுஷர். அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டுக் குளத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்” என்றார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே தொண்டை அடைத்தது.

பிறகு படகுக் கதைக்கு வந்தார். மோகன் பகான் ஆட்டக்காரர்கள் சிலர் தங்கள் ரசிகர்களுக்குப் பயந்து கங்கையில் ஒரு படகிலே அன்றிரவைக் கழித்தார்கள் என்று சொல்வதுண்டு. மோகன் பகானின் சின்னமே பாய் விரித்த படகுதான். ஜெயித்தவர்கள் இதை விடுவார்களா? நண்பர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அம்மாள் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, “அந்தப் பையனையும் சொல்லிவிடுங்கள். அவனைச் சொல்லித்தானே எப்போதும் முடிப்பீர்கள்” என்றார்.

நண்பர் பேசவில்லை. அம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னார்: “இவர்கள் ஐந்து கோல் என்று சொல்வார்கள். எண்ணும்போது ஆறு எண்ணுவார்கள்.”

அந்தப் பையன் யார் என்று கால்பந்து தெரிந்தவர்களுக்குத் தெரியும். மோகன் பகானின் ரசிகனான ஓர் இளைஞன், அந்தத் தோல்வியைத் தாங்காமல் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அடுத்த பிறவியில் மோகன் பகானுக்கு இன்னும் நல்ல ஆட்டக்காரனாகப் பிறந்து இதற்குப் பழிவாங்குவேன் என்று எழுதி வைத்துவிட்டுப் போனான். அவன் பெயர் பத்திரிகைகளில் பலமுறை வந்ததுதான். இங்கே அதை எழுத எனக்கு மனமில்லை.

அம்மாள் சொன்னது உண்மை. 5-0-ஐப் பற்றி எழுதுகிறவர்கள், பேசுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் இந்த மரணத்தில் கொண்டுவந்துதான் முடிக்கிறார்கள். இரு கட்சியினரும் இந்தக் காரியத்தைச் செய்கிறார்கள். ஜெயித்த கட்சிக்கு அது வெற்றியின் பரிமாணத்துக்கு அத்தாட்சி. ‘உயிரையே விட்டான் என்றால் அடி எப்படி விழுந்திருக்கவேண்டும்!’ தோற்ற கட்சிக்கு அது பக்தியின் பரிமாணத்துக்கு அத்தாட்சி. ‘உயிரையே விட்டான் என்றால் எங்கள் பற்று எப்படிப்பட்டது!’ ஒருவர் அவனைக் கோலாக எண்ணுகிறார். மற்றவர் தியாகியாக எண்ணுகிறார். ஒரு தாய்க்குப் பிள்ளை என்று எண்ணுகிறவரை நான் இதுவரை படித்ததில்லை.

மற்றவர்களைக் குற்றம் சொல்வதற்குமுன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சம்பவத்தை முதன்முதல் கேள்விப்பட்டபோது எனக்கு உடனே தோன்றியது என்ன தெரியுமா? ‘என்ன அற்புதமான முடிவு!’ என்று தோன்றியது. துக்கம் அதற்குப் பிறகு வந்தது. எவ்வளவு நேரத்துக்குப் பிறகு என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கதை எழுதுகிறவர்களுக்கு உள்ள தொழில்நோய் இது. மறுபிறவி, சபதம், கடைசிக் கடிதம் என்று எல்லாம் தானே வந்து அமைந்திருக்கின்றன. சந்தேகத்துக்கே இடமில்லாமல் போன அந்தத் தட்டையான ஆட்டத்துக்குச் சோக ரஸத்தை அவன்தான் கொடுத்திருக்கிறான். அவன் இல்லாவிட்டால் 5-0 வெறும் எண்ணிக்கை. அதனால்தான் எல்லோருக்கும் அவன் தேவைப்படுகிறான்.

இங்கேதான் விமரிசகனுக்கு வேலை இருக்கிறது. தன் பலத்தில் நிற்க முடியாத கதை ஒரு பிணத்தை முட்டுக் கொடுத்து நிற்கும். நாம் தொடர்கதைகளில் பார்க்காததா? கதை நகரவில்லை என்றால் ஆசிரியர் யாரையாவது கொன்றுவிடுவார். வாசகர்கள் கண்ணீர் விடுவார்கள். ஓட்டையும் அடைபட்டுப் போகும். ஆனால் தொடர்கதையில் சாவது காகிதத்து மனுஷன். இவன் இருந்தவன். இவனுக்கு அடுத்த நாள் காலை ஒன்று இருந்திருக்க வேண்டும்.

அந்த அடுத்த நாளில் என்ன இருந்தது என்பதை நினைத்தால்தான் இந்தக் கதையின் உண்மையான சோகம் தெரிகிறது. அடுத்த வருஷமே, 1976-இல், பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி ஈஸ்ட் பெங்காலை விட்டு மோகன் பகானுக்குப் போய்விட்டார். அந்த வருஷ லீக் பந்தயத்தில் ஆட்டம் தொடங்கிய பதினேழாவது விநாடியில் முகம்மது அக்பர் என்பவர் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக ஒரு கோல் போட்டார். மோகன் பகான் ஜெயித்தது. இரண்டு கோல் போட்ட சியாம் தாப்பாவும் பிற்பாடு மோகன் பகானில் சேர்ந்தார். 1978-இல் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராகவே, முதுகுப் பக்கமாகச் சாய்ந்து அந்தரத்தில் காலை வீசி அவர் போட்ட கோலை அந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. அந்த இளைஞன் மறுபிறவிக்கு வைத்துவிட்டுப் போன பழியை இந்தப் பிறவியிலேயே, மூன்றே வருஷத்தில், தோற்கடித்தவரே வந்து தீர்த்து வைத்துவிட்டார். அதைப் பார்க்க அவன் இல்லை.

நாலு கோல் வாங்கி வெளியேறினாரே, பாஸ்கர் கங்கூலி? அவர் கதை இன்னும் வேடிக்கை. அடுத்த வருஷம் அவர் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். தன்னைத் தலைகுனியவைத்த அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வருஷக்கணக்காக அதன் கோலைக் காத்தார். 1982-இல் டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியக் கோஷ்டிக்கே அவர்தான் தலைவர். ஐந்தும் பூஜ்யமுமான அந்தச் சாயங்காலத்தில் கதை என்று ஒன்று இருந்தால் அது அவரிடம் இருக்கிறது. சுற்றிலும் ஆயிரக்கணக்கான பேர் பார்க்க, பந்தை வலையிலிருந்து நாலு தடவை குனிந்து எடுத்துவிட்டு, மைதானத்தின் ஓரமாக நடந்து போன ஒரு பையன், மறுநாள் எழுந்து மறுபடியும் பந்தைப் பிடிக்கப் போனானே, அது எப்படி? இதைச் சொல்ல ஆளில்லை. ஜெயித்தவர்களுக்கு அவர் ஓட்டை. தோற்றவர்களுக்கு அவர் துரோகி. சாவுதான் எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது. மறுநாள் எழுந்திருப்பது யாருக்கும் வசதியாக இல்லை.

ஆட்டக்காரர்களுக்குச் சட்டை மாறுகிறது; சம்பளம் கொடுக்கிற சங்கம் மாறுகிறது. ரசிகனுக்கு மாத்திரம் நிறம் மாறுவதில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் பாதிப் பெருமை, பாதிப் பரிதாபம். மேடையில் ராவணன் வேஷம் போட்டவர் கூத்து முடிந்ததும் அரிதாரத்தைக் கலைத்துவிட்டு ராமன் வேஷக்காரரோடு உட்கார்ந்து காப்பி சாப்பிடுகிறார். எதிரே உட்கார்ந்து பார்த்தவர்தான் வீடுவரைக்கும் வில்லைத் தூக்கிக்கொண்டு போகிறார்.

எல்லாப் பெரிய வெற்றிகளும் இப்படிக் கதையில்லாத கதைகள் என்று நான் சொல்ல வரவில்லை. 1997-ஆம் வருஷம் ஜூலை 13-ஆம் தேதி, ஃபெடரேஷன் கோப்பையின் அரையிறுதியில் இதே இரு கோஷ்டிகளும் சால்ட் லேக் மைதானத்தில் மோதின. 1,31,781 பேர் பார்த்தார்கள். மோகன் பகானின் பயிற்சியாளர் அமல் தத்தா, வைர வடிவத்தில் ஆட்களை நிறுத்தும் தம்முடைய புது முறையைப் பற்றிப் பெருமிதத்தோடு இருந்தார். எதிர்க்கட்சி ஆட்டக்காரர்களைப் பெயரைத் திரித்துக் கேலியும் செய்தார். ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்தது. கேலிக்கு ஆளானவர்களில் ஒருவரான பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டார். இதிலே கதை இருக்கிறது. அகம்பாவம் இருக்கிறது, அதற்குப் பதில் இருக்கிறது, காரண காரியம் இருக்கிறது. 2009-ஆம் வருஷம் அக்டோபர் 25-ஆம் தேதி மோகன் பகான் 5-3 என்று ஜெயித்தது. சிடி எடே ஒருவரே நாலு கோல் போட்டார். எட்டுக் கோல்கள் விழுந்த ஆட்டம்! பார்ப்பதற்கு 5-0-ஐவிட நிச்சயம் சுவாரசியமாக இருந்திருக்கும். ஆனால் என்ன பிரயோஜனம்? “நாங்களும் ஐந்து போட்டுவிட்டோம்” என்று மோகன் பகான்காரர்கள் சொல்ல, “மூன்று வாங்கினீர்களே, கணக்கு இன்னும் தீரவில்லை” என்று ஈஸ்ட் பெங்கால்காரர்கள் சொன்னார்கள். எட்டுக் கோல் போட்ட ஆட்டத்தையும் கடைசியில் கழித்தல் கணக்காகத்தான் பார்த்தார்கள்.

கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டே போனால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் அந்த நகரம் பார்த்திருக்கிறது. 1980-ஆம் வருஷம் ஆகஸ்ட் 16-ஆம் தேதி, ஈடன் கார்டன் மைதானத்தில் இதே இரு கோஷ்டிகளின் ஆட்டத்தின்போது ரசிகர்களுக்குள் கலவரம் மூண்டு, நெரிசலில் 16 பேர் இறந்துபோனார்கள். மகனை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு இலிஷோ இறாலோ வருமென்று பார்த்துக்கொண்டிருந்த பதினாறு வீடுகள். அவர்களில் யார் எந்தக் கட்சி என்று இன்றைக்கு யாரும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. அந்த நாளில் வருஷந்தோறும் அவர்கள் நினைவாக ரத்த தானம் செய்கிறார்கள். கொடுத்த ரத்தம் எந்தக் கட்சிக்காரன் உடம்புக்குப் போகிறது என்று கொடுத்தவனுக்குத் தெரியாது. அந்த ஊர் ரசிகர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிய கதைகளில் எனக்குப் பிடித்தது இதுதான்.

வங்காளத்திலேயே இதை எல்லாம் புரிந்துகொண்ட ஒரு நாவலாசிரியர் இருந்தார். மோத்தி நந்தி. 1931-இல் பிறந்து 2010-இல் மறைந்தவர். விளையாட்டு நிருபராக உத்தியோகம் பார்த்தவர். த. நா. குமாரசுவாமி, த. நா. சேனாபதி முதலியோர் தயவால் நமக்குச் சரத் சந்திரரும் தாராசங்கரும் அடுத்த வீட்டுக்காரர்கள்போல ஆகிவிட்டார்கள். மோத்தி நந்தி அவ்வளவு பழக்கமாகவில்லை. ஒவ்வொரு பெரிய ஆட்டத்தையும் பக்கத்திலிருந்து பார்த்த மனுஷர். 5-0-ஐப் போலப் பிரும்மாண்டமான ஒரு வெற்றியை வைத்து நாவல் எழுதியிருக்கலாம். அவர் எழுதியது வேறு. ‘ஸ்ட்ரைக்கர்’ நாவலில், தவறவிட்ட ஒரு கோலின் பழியை ஆயுள் முழுவதும் சுமக்கிற பழைய ஆட்டக்காரர் ஒருவரும் அவருடைய மகனும் வருகிறார்கள். ‘ஸ்டாப்பர்’ நாவலில், வயது முதிர்ந்த தடுப்பாட்டக்காரன் கமல் குஹ, தன்னை அலட்சியம் செய்த பழைய பெரிய சங்கத்தை எதிர்த்து, ஒரு சின்னக் கோஷ்டியின் கோலுக்கு முன்னால் நிற்கிறான். ஐந்து கோல் போடுவது அவன் ஆசை அல்ல. ஒன்று விழாமல் தடுக்கவேண்டும், அவ்வளவுதான். புஸ்தகத்தைப் படிக்கும்போது அந்த ஒரு கோல் விழுந்துவிடக்கூடாதே என்று நம் கை நடுங்குகிறது. ஜெயித்தவன் பக்கம் நிறையச் சத்தம் இருக்கிறது. கோல் கம்பங்களுக்கு நடுவில் நிற்கிறவன் பக்கந்தான் கதை இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ரசிகர்களுக்கு நான் புத்தி சொல்ல வரவில்லை. சொன்னாலும் கேட்கமாட்டார்கள்; கேட்டால் அவர்கள் ரசிகர்களாக இருக்கமுடியாது. ஐந்து கோலையும் விரல் மடக்கி எண்ணட்டும். தகப்பனார் கடன் வாங்கி மீன் வாங்கி வந்ததைப் பேரனுக்குச் சொல்லட்டும். சொல்லவேண்டிய கதைதான் அது. குளத்தை இழந்த மனுஷர் ஒரு மணி நேரம் அதைத் திரும்பப் பெற்ற கதை. என்னுடைய கோரிக்கை ஒன்றே ஒன்று. ஐந்தாவது விரலோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

அன்றைக்கு நண்பர் வீட்டில் அதற்குப் பிறகு வெகு நேரம் யாரும் பேசவில்லை. நண்பர் மடக்கிய விரல்களைப் பிரித்துவிட்டுச் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு மனைவியைப் பார்த்து, “அன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன சமையல்?” என்று கேட்டார். கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. அந்தக் கேள்வியை அவர் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டார் என்பது அம்மாளின் முகத்திலேயே தெரிந்தது.

“எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை” என்றார் அம்மாள். “காலையில் வடித்த சாதத்தில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டோம். அப்பா அதையும் சாப்பிடவில்லை.”

சொல்லிவிட்டு, கணவரின் இலையில் இன்னொரு துண்டு மீன் போட்டார். அது இலிஷ்தான்.